ஊரில் வீடற்றோர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தேவை: ஊர்க்குழுவே ஆய்வு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

குடியிருப்போர் சங்கம், தொண்டு அமைப்பு, மாணவர் குழு என எந்த உள்ளூர்க் குழுவும் இந்த ஆய்வைச் செய்யலாம். நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்துக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஒதுக்குங்கள். அதில் களத்தில் செலவாவது இரண்டு மூன்று வாரம்தான். மீதி முழுவதும் ஆயத்தமும் கணக்கும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேள்வித்தாளில் தொடங்குவார்கள், இல்லையென்றால் ஒரு நாள் இரவு டார்ச்சோடு கிளம்பிவிடுவார்கள். இங்கே கேள்வித்தாள் ஏழாவதாகவும் இரவு நடை ஒன்பதாவதாகவும் வருகின்றன. முதல் ஆறு படிகளில் விட்டதைக் களத்தில் சரிக்கட்ட முடியாது என்பதே காரணம்.

1. எந்த முடிவுக்காக இந்த ஆய்வு?

இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: “இந்த ஆய்வைக் கொண்டு ______ என்பவர், ______ தேதிக்குள், ______ பற்றி முடிவெடுப்பார்.” மூன்று கோடிட்ட இடங்களும் நிரம்பாவிட்டால் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

முடிவு மாறினால் தேவைப்படும் தகவலும் மாறும். இரவுக் காப்பகம் திறப்பதா என்பது கேள்வியானால், எந்தப் பகுதியில் எத்தனை ஆண்கள், பெண்கள், குடும்பங்கள் என்ற எண்ணிக்கை வேண்டும். வீடு பறிபோவதைத் தடுப்பது நோக்கமானால், கடைசியாக இருந்த வீட்டை எப்படி, எந்தச் சூழலில் விட்டார்கள் என்பது வேண்டும். அதற்கு இரவுக் கணக்கெடுப்பு அநேகமாக உதவாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போய் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதுதான் வழக்கமான சறுக்கல்.

நிதி ஒதுக்கீடு எப்போது முடிவாகிறது என்று விசாரித்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே அறிக்கை கைக்கு வரும்படி நாட்காட்டியைப் பின்னோக்கிப் போடுங்கள்.

2. யாரை ‘வீடற்றவர்’ என்று எண்ணப்போகிறீர்கள்?

எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் உழைப்பை விட வரையறைக்கே பங்கு அதிகம். ஆஸ்திரேலியாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வீடற்றோர் 1,22,494 பேர். அவர்களில் தெருவிலும் கூடாரத்திலும் தற்காலிகக் கொட்டகையிலும் இருந்தவர்கள் 7,636 பேர் மட்டுமே. 47,895 பேர் அளவுக்கு மீறி நெருக்கியடித்து வசிக்கும் வீடுகளில் இருந்தவர்கள். அந்த நெருக்கடியை வரையறையில் சேர்க்காத நாட்டோடு இந்த எண்ணை ஒப்பிடவே முடியாது.

தொடக்கத்துக்கு, ஐரோப்பாவில் உருவான ‘ஈத்தோஸ்’ வகைப்பாட்டின் நான்கு பிரிவுகள் போதும்: கூரையே இல்லாதவர்கள்; காப்பகம், விடுதி போன்ற தற்காலிக இடத்தில் இருப்பவர்கள்; உறவினர் வீட்டில் ஒட்டியிருப்பது, வெளியேற்ற உத்தரவு வந்திருப்பது என்று நிச்சயமில்லாமல் வசிப்பவர்கள்; குடியிருக்கத் தகுதியற்ற இடத்தில் அல்லது கடும் நெரிசலில் வசிப்பவர்கள். எந்தெந்தப் பிரிவை எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்து, அறிக்கையில் தனித்தனியாகவே காட்டுங்கள்.

பிறகு விளிம்பில் நிற்பவர்களுக்கு ஒவ்வொன்றாக விதி எழுதுங்கள். வண்டியிலேயே தூங்குபவர், வேலை செய்யும் இடத்திலேயே படுத்துக்கொள்பவர், சொந்த ஊரில் வீடிருந்தும் பிழைப்புக்காக இங்கே தெருவில் படுப்பவர், சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாமல் மருத்துவமனையில் இருப்பவர், வன்முறைக்குத் தப்பிப் பெண்கள் காப்பகத்துக்கு வந்தவர் என்று இந்தப் பட்டியல் நீளும். எந்த விதியை வைத்தாலும் நியாயப்படுத்தலாம். விதி எழுதப்படாமல், களத்தில் ஆளுக்கொரு விதமாக முடிவெடுத்தால் அந்தத் தரவை மீட்க வழியில்லை.

ஆய்வுப் பகுதியின் எல்லையையும் இப்போதே வரையுங்கள். எல்லைச் சாலையின் எந்தப் பக்கம் உங்களுடையது என்பது வரைக்கும் எழுதிவையுங்கள்.

3. ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுங்கள்

காப்பகங்களின் சேர்க்கைப் பதிவேடு, இலவச உணவு வழங்கும் இடங்களின் தினசரி எண்ணிக்கை, வெளியேற்ற வழக்குகள், நிலையான முகவரியில்லாத நோயாளிகள், பள்ளிகளில் இடைநின்ற பிள்ளைகள். பெயர் வேண்டாம், கூட்டுத்தொகை போதும் என்று எழுத்தில் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது ‘இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள்’ கணக்கு. பெரும்பாலான காப்பகங்கள் அதை எழுதி வைப்பதில்லை. ஆய்வு நடக்கும் மாதங்களுக்காவது ஒரு தாளில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பதிவேட்டுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: யார் இதில் வருகிறார்கள், யார் வரமாட்டார்கள், ஒரே ஆள் இரண்டு முறை வர வாய்ப்பு உண்டா. பதிவேடுகளின் எண்களை ஒன்றோடொன்று கூட்டாதீர்கள். ஒரே மனிதர் மதியம் உணவு வரிசையிலும் இரவு காப்பகத்திலும் அடுத்த வாரம் மருத்துவமனையிலும் இருப்பார்.

4. குழுவைச் சேர்ப்பது

வீடின்றி வாழ்ந்த அனுபவம் உள்ளவர்கள் குறைந்தது இரண்டு மூன்று பேர், திட்டமிடும் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். மற்ற களப்பணியாளருக்குத் தரும் அதே கூலியை அவர்களுக்கும் கொடுங்கள். யார் எங்கே எப்போது படுப்பார்கள், எந்தச் சொல் புண்படுத்தும், எந்தக் கேள்விக்குப் பொய்யான பதில் வரும் என்பதை அவர்கள் சொல்வது போல வேறு யாராலும் சொல்ல முடியாது. இடம் காட்ட மட்டும் கூட்டிப்போவது அவர்களைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

காவல்துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் சீருடையில் யாரையும் உடன் அழைத்துச் செல்லாதீர்கள். சீருடையைக் கண்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், மீதிப் பேர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார்கள்.

5. ஒப்புதல், பாதுகாப்பு, ரகசியம்

ஒரு நிமிடத்தில் வாசித்துக் காட்டும் அறிமுகக் குறிப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள். நாங்கள் யார், எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், மறுத்தால் கிடைத்துவரும் எந்த உதவியும் நிற்காது, சொல்வது யாருக்குப் போகும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்காதீர்கள், அதுவே ஆளை அடையாளம் காட்டிவிடும். வாய்மொழி ஒப்புதலைக் கேட்டவரே படிவத்தில் குறித்தால் போதும்.

குழந்தைக்கு ஆபத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை தெரியவந்தால் ரகசியம் காக்க முடியாது என்பதைப் பேட்டிக்கு முன்பே சொல்லுங்கள். நடுவில் சொன்னால் துரோகம் போலத் தெரியும். அப்படி நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற எண் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். போதையிலோ கடும் காய்ச்சலிலோ இருப்பவரிடம் பேட்டி எடுக்காதீர்கள்.

நேரத்துக்கு ஈடாகச் சிறு தொகை கொடுப்பதானால், பேட்டி தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். கடைசியில் தருவதாகச் சொன்னால், நிறுத்த நினைப்பவரும் காசுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது ஒப்புதல் வெறும் பேச்சுதான். தொகை மிகப் பெரிதாகவும் வேண்டாம். ஒரே ஆள் இரண்டு முறை வருவார்.

உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுங்கள். அதில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் அந்த வாரமே தொலைபேசியில் அழைத்து நேரம், என்ன ஆவணம் கேட்பார்கள் என்று சரிபார்த்திருக்க வேண்டும். இருப்பதிலேயே கெடுதலானது பழைய பட்டியல்: கையில் காசில்லாதவரை நகரின் மறுகோடிக்கு வீணாக நடக்க வைக்கும்.

பெயருக்குப் பதில் ஒரு குறியீடு போடுங்கள்: தாயின் பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள், உடன்பிறந்தோரில் எத்தனையாவது பிள்ளை. இரண்டு முறை எண்ணப்பட்டவரைக் கண்டுபிடிக்க இது உதவும். பிறந்த நாள் தெரியாதவருக்கு 99 என்று எழுதுங்கள். உத்தேசமாக எதையாவது எழுதினால் அடுத்த முறை வேறொன்று சொல்வார், குறியீடு பொருந்தாது.

6. பகலில் வரைபடம்

அனுபவம் உள்ளவர்களோடு பகலில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை முழுப் பகுதியையும் சுற்றுங்கள். ஒரு குழு இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய வட்டங்களாகப் பிரியுங்கள். ஆட்கள் இருக்க வாய்ப்புள்ள வட்டங்கள் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். வாய்ப்புக் குறைந்தவற்றில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தால் போதும். ‘அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்’ என்று ஒரு வட்டத்தையும் முழுதாக ஒதுக்காதீர்கள். விரட்டப்பட்டவர்கள் போய்ச் சேர்வது அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

இந்த வரைபடம் வெளியே போகக் கூடாது. யார் கையில் கிடைத்தாலும் அது அப்புறப்படுத்தும் வேலைக்கான வழிகாட்டியாகிவிடும். அச்சிட்ட பிரதிகளுக்கு எண்ணிட்டு, திரும்ப வாங்கி அழியுங்கள்.

7. கேள்வித்தாள்

இருபத்தைந்து கேள்வி, பதினைந்து நிமிடம். அதைத் தாண்டினால் கடைசிக் கேள்விகளுக்கு ‘ஆமாம், ஆமாம்’ என்ற பதில்தான் வரும். எளிய கேள்விகளில் தொடங்கி, உறங்கும் இடம், பழைய வீடு, தேவைகள் என்று போய், வருமானம், உடல்நலம், வன்முறை ஆகியவற்றைப் பின்பகுதியில் வையுங்கள். வேதனையான கேள்வியோடு முடிக்காதீர்கள். அதன் பிறகு சாதாரணமாகப் பேசக்கூடிய ஒன்றிரண்டு கேள்வி இருக்கட்டும்.

“நீங்கள் வீடற்றவரா?” என்று கேட்காதீர்கள். பலர் தங்களை அப்படி நினைப்பதில்லை, நினைத்தாலும் சொல்ல விரும்புவதில்லை. “நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்? இன்றைக்கு எங்கே படுப்பதாக இருக்கிறீர்கள்? அங்கே விரும்பும் வரை இருக்கலாமா?” என்று கேளுங்கள். வகைப்படுத்துவது உங்கள் வேலை, அவருடையதல்ல.

“ஏன் வீட்டை இழந்தீர்கள்?” என்பதும் பயனற்றது. யாரிடமும் சொல்லத்தக்க ஒரே ஒரு காரணம் பதிலாக வரும், பெரும்பாலும் ‘குடும்பப் பிரச்சினை’. அதைப் படிகளாக உடையுங்கள்: கடைசியாக நிலையாக இருந்த இடம் எது? எப்போது விட்டீர்கள்? அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் வேலை, உடல்நலம், வாடகை, வீட்டார் விஷயத்தில் என்ன மாறியது? போகச் சொன்னது யார்? அப்போது யாரிடமாவது உதவி கேட்டீர்களா, என்ன பதில் கிடைத்தது? இப்படிக் கேட்டால் வேலை போனது, வாடகை பாக்கி விழுந்தது, அண்ணன் வீட்டுக்குப் போனது, அங்கே சண்டை வந்தது என்ற வரிசை தெரியும். எந்த இடத்தில் கை கொடுத்திருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார் என்பதும் அந்த வரிசையில்தான் தெரியும்.

தேவைகளைக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. “என்ன வேண்டும்?” என்றால், கேட்பவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவரோ அந்த அமைப்பு தரக்கூடியதைத்தான் சொல்வார்கள். போர்வை கொடுக்கும் குழுவிடம் போர்வை கேட்பார்கள். அதனால் மூன்று விதமாகக் கேளுங்கள்: கடந்த 30 நாளில் தேடியும் கிடைக்காதது எது, கிடைக்காமல் போனதற்கு ஆவணம் இல்லாதது, தூரம், நேரம், அவமதிப்பு, பணம் இவற்றில் எது காரணம், ஒன்றே ஒன்று மட்டும் கிடைக்குமென்றால் எதைக் கேட்பீர்கள். தேடவே இல்லை என்று சொல்பவரிடம் ஏன் தேடவில்லை என்றும் கேளுங்கள். முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி போவதில்லை. பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது ‘தேவை குறைந்துவிட்டது’ என்று தோன்றும்.

விடைப் பட்டியலை அவரிடம் வாசித்துக் காட்டாமல், அவர் சொல்வதைக் கேட்டு நீங்கள் குறியுங்கள்.

8. முன்னோட்டம்

ஆறு முதல் எட்டுப் பேரிடம் கேள்வித்தாளைச் சோதியுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ‘மற்றவை’ பெட்டியில் குறி அடிக்கடி விழுந்தால் உங்கள் பட்டியல் தவறு. பலரும் செய்யாமல் விட்டுவிடும் ஒரு வேலை இங்கே உண்டு, ஆனால் செய்தால் பெரிய மிச்சம்: கற்பனை விடைகளால் கணினித் தாளை நிரப்பி, அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை இப்போதே போட்டுப் பாருங்கள். எந்த அட்டவணைக்கும் பயன்படாத கேள்வியைத் தூக்கிவிடுங்கள்.

9. இரவுக் கணக்கெடுப்பு

எந்த இரவு என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் ஜனவரியின் கடைசிப் பத்து நாளில் ஒரு இரவைத் தேர்கிறார்கள்; கடுங்குளிரில் காப்பகங்கள் நிறைந்திருக்கும், வெளியில் இருப்பவர் வேறு வழியே இல்லாதவர். உங்கள் பகுதியில் கூலியோ ஓய்வூதியமோ வந்த மறுநாளைத் தவிருங்கள், கையில் பணம் இருக்கும் சில நாளுக்கு மட்டும் அறை எடுப்பவர்கள் உண்டு. மழை இரவும் வேண்டாம், ஆட்கள் மூலைமுடுக்குகளுக்குச் சிதறிவிடுவார்கள். ஒத்திவைத்தால் எந்த இரவு என்பதையும் முன்பே குறித்துவையுங்கள்.

எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் மாறுபவர் இரண்டு வட்டத்திலும் விழுவார். நடமாட்டம் அடங்கிய பின், முதல் பேருந்துக்கு முன் என்று வையுங்கள். காப்பகங்களின் எண்ணிக்கையும் அதே இரவுக்கு உரியதாக இருக்கட்டும்.

குழுவுக்கு மூன்று பேர்: ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் சுற்றிலும் கவனிக்க. பையில் அடையாள அட்டை, வட்ட வரைபடம், படிவங்கள், இரண்டு பென்சில் (பனியில் பேனா எழுதாது), டார்ச், உதவிப் பட்டியல். டார்ச் வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும். கேமரா கூடாது.

தூங்குபவரை எழுப்பாதீர்கள், போர்வையை விலக்காதீர்கள். அவர் இருப்பதை மட்டும் குறியுங்கள். ஆணா பெண்ணா, வயது என்ன என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்ற பெட்டி இருக்கிறது. அதை நிரப்ப வெட்கப்படும் புதியவர்கள் ஊகத்தை எழுதிவிடுவார்கள். உள்ளே எத்தனை பேர் என்று தெரியாத கூடாரத்தையும் வண்டியையும் ஆட்களோடு சேர்க்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள். பாழடைந்த கட்டடத்துக்குள் நுழையாதீர்கள்; விடியும்போது வெளியே வருபவர்களை எண்ணிக்கொள்ளலாம். விழித்திருப்பவர் எல்லோரிடமும், உடையைப் பார்த்து முடிவு கட்டாமல், “இன்றிரவு படுக்க இடம் இருக்கிறதா?” என்று கேளுங்கள்.

கண்ணில் தப்புபவர்கள் எத்தனை பேர் என்று அறிய ஒரு வழி உண்டு. நியூயார்க் நகரக் கணக்கெடுப்பில் கையாள்வது. சில தன்னார்வலர்களை வெளியில் உறங்குபவர்கள் போல வெவ்வேறு வட்டங்களில் முன்கூட்டியே அமர்த்துவது, குழுக்களுக்குச் சொல்லாமல். 10 பேரை அமர்த்தி 7 பேர் கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் பார்வைத் திறன் 70 சதவீதம். மொத்த எண்ணிக்கை 91 என்றால் முதலில் அந்த 7 பேரைக் கழித்து 84 ஆக்குங்கள், 84-ஐ 0.7-ஆல் வகுத்தால் 120. கழிக்க மறப்பது சகஜம். பத்துப் பேரை வைத்துப் போட்ட கணக்கு கரடுமுரடானது என்பதால் ‘சுமார் 120’ என்றே எழுதுங்கள்.

யாருமே இல்லாத வட்டத்துக்கும் பூஜ்யம் எழுதிய படிவம் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆள் இல்லையா, குழுவே போகவில்லையா என்று பின்னால் தெரியாது.

10. தெருவில் தெரியாதவர்கள்

பெண்கள், இளைஞர்கள், பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்கள் தெருவில் படுப்பதைக் கூடிய மட்டும் தவிர்ப்பார்கள். நண்பர் வீட்டு வரவேற்பறை, உறவினர் வீட்டு மூலை, இரவு முழுதும் ஓடும் பேருந்து என்று இருப்பார்கள். இரவு நடை அவர்களைத் தொடாது.

டென்மார்க் தேசியக் கணக்கெடுப்பை ஒரு வாரம் நடத்துகிறது: வீடற்றோர் வந்துபோகும் சேவை இடங்கள் தங்களிடம் வருபவர்களுக்குப் படிவம் நிரப்புகின்றன. இதைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். இரவுக் கணக்கெடுப்புக்குப் பிந்தைய ஏழு நாள், மருத்துவமனை, பள்ளி, உணவு வழங்கும் இடம், சட்ட உதவி மையம் ஆகியவற்றில், “அந்தக் குறிப்பிட்ட இரவு எங்கே படுத்தீர்கள்?” என்று கேட்டுக் குறியீட்டோடு பதியுங்கள். அந்த இரவில் தெருவில் இருந்ததாகச் சொல்பவரிடம், எங்கள் குழு உங்களிடம் பேசியதா என்றும் கேளுங்கள். விடுபட்டவர் கணக்குக்கு அது இன்னொரு சான்று.

11. நீண்ட உரையாடல்கள்

எண்கள் எத்தனை என்று சொல்லும், எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லாது. 12 முதல் 20 பேரோடு நீண்ட பேட்டி, ஆறேழு பேர் கொண்ட இரண்டு மூன்று குழு உரையாடல் போதும். புதிதாக எதுவும் வராத நிலை வந்தால் நிறுத்தலாம். பெண்களுக்குத் தனிக் குழு வையுங்கள். காப்பக ஊழியர் இருக்கும் அறையில் காப்பகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

12. கணக்கு

முதலில் குறியீடுகளை ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். குறியீடு ஒன்றாக இருந்தாலும் வயதும் பாலினமும் பொருந்தினால்தான் ஒரே ஆள்.

ஒரு இரவின் எண்ணிக்கை வேறு, ஓர் ஆண்டின் எண்ணிக்கை வேறு. 20 படுக்கை உள்ள காப்பகத்தில் பத்துப் படுக்கையில் ஆண்டு முழுதும் அதே பத்துப் பேர், மற்ற பத்தில் மாதம் ஒருவர் மாறுகிறார் என்று வையுங்கள். எந்த இரவில் போனாலும் பாதிப் பேர் நீண்டகாலம் தங்குபவர்கள். ஆண்டு முழுவதும் எடுத்தால் 130 பேரில் பத்துப் பேர்தான், 8 சதவீதம்கூட இல்லை. ஒரே இரவைப் பார்த்துவிட்டு ‘வீடற்றவர்களில் பெரும்பாலோர் நாள்பட்டவர்கள்’ என்று எழுதுவது இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் பிழை.

இரண்டு இரவு எண்ணியிருந்தால் மொத்தத்தை மதிப்பிடலாம். முதல் இரவு 60 பேர், இரண்டாம் இரவு 50 பேர், இரண்டிலும் இருந்தவர்கள் 24 பேர். ஒவ்வோர் எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 61-ஐ 51-ஆல் பெருக்கி, 25-ஆல் வகுத்து, கடைசியில் ஒன்றைக் கழித்தால் ஏறக்குறைய 123. நேரில் கண்டவர்கள் 86 பேர்தான், அதாவது 37 பேர் அளவில் தப்பியிருக்கிறார்கள். இரண்டு இரவும் அடுத்தடுத்து இருந்தால்தான் இது செல்லும். இடையில் ஆட்கள் ஊரை விட்டுப் போனால் கணக்குக் குலையும். அதே ஆளை இரண்டாம் இரவில் அடையாளம் காணத் தவறினால் மதிப்பீடு ஊதும். முதல் இரவில் எளிதாகக் கிடைத்தவர்களே இரண்டாம் இரவிலும் எளிதாகக் கிடைத்தால் மதிப்பீடு சுருங்கும்.

100 பேரிடம் கேட்டால் பத்து சதவீதம் முன்பின், 400 பேரிடம் கேட்டால் ஐந்து சதவீதம் என்ற வாய்ப்பாடு குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு மட்டுமே உரியது. கிடைத்தவரிடமெல்லாம் பேசிவிட்டு அந்த ‘பிழை எல்லை’யை அறிக்கையில் போடாதீர்கள். “பேசிய 140 பேரில் 52 பேர்” என்று எழுதுவது நேர்மையானது.

13. அறிக்கையும் அதன் பின்பும்

முதல் பக்கத்தில் முதல் படியில் எழுதிய கேள்விக்கான விடை, இரண்டாம் பக்கத்தில் வரையறை, நாள், நேரம், விடுபட்ட வட்டங்கள். ஐந்து பேருக்குக் குறைவான எந்த எண்ணையும் அட்டவணையில் ‘5-க்குக் கீழ்’ என்று மறையுங்கள். மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டத்தையும் மறையுங்கள். ஒரு பகுதியில் இருக்கும் ஒரே ஒரு முதிய பெண் யார் என்று அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மேற்கோள்களில் ஊர், தொழில், நோய் மூன்றும் சேர்ந்து வந்தால் ஒன்றையாவது எடுத்துவிடுங்கள்.

ஊடகத்துக்குப் போகுமுன் முடிவுகளைப் பேட்டி கொடுத்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். உணவு வழங்கும் இடத்தில் அரை மணி நேரம், ஒரு பக்கத் தாள். “இது தப்பு, அந்தப் பாலத்தடியில் யாருமே இல்லாததற்குக் காரணம் முந்தின வாரம் விரட்டிவிட்டது” என்பது போன்ற திருத்தங்கள் அங்கேதான் வரும். அவற்றை அறிக்கையில் சேருங்கள்.

படிவங்களையும் குறியீட்டுத் தாளையும் யார், எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பார், எந்தத் தேதியில் அழிப்பார் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணுவதாக இருந்தால், வட்டங்களின் எல்லை, விளிம்பு விதிகள், நேரம் ஆகியவற்றைத் தனிக் கோப்பாக வையுங்கள். அவற்றில் ஒன்று மாறினாலும் இரண்டு ஆண்டுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடக் கூடாது.